ஜல்லி போட்ட வாசலில் களை: யார் யார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை:
கேட்டிலிருந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் முக்கால் இஞ்ச் ஜல்லி, அடியில் களையைத் தடுக்கும் கறுப்பு ஷீட், அதாவது வீட் மேட். "ஷீட் போட்டாச்சும்மா, இனி புல்லே வராது" என்று சொல்லித்தான் வேலை செய்தவர் காசு வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மழை பிடித்ததும் குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி என்று நாட்டு மருந்துக் கடையே விரித்தாற்போல் முளைத்து நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஷீட்டைத் தொடவே இல்லை. ஜல்லி இடுக்கில் கறுப்பாக மக்கிக் கிடந்த வேப்பஞ்சருகுக்குள்ளேயே முழு வேரும் அடங்கிவிட்டது. விதையும் மேலேயிருந்து விழுந்தது, அது வேர்விட்ட குப்பையும் மேலேயிருந்து விழுந்தது. ஷீட் என்ன செய்யும்? இப்போது என் கவனமெல்லாம் சருகில்தான். வேம்பு உதிர்க்கும் மாசி பங்குனியில் தினமும் வாருகோல் எடுத்துவிடுவேன். ஆடிக் காற்று புழுதியைக் கொட்டிவிட்டுப் போனதும் மேல் ஜல்லியை ஒரு தடவை கிளறிவிடுவேன். அப்போதுதான் முளைத்த குஞ்சுச் செடியெல்லாம் வெயிலில் காய்ந்துவிடும்.

தேனி:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் கோரைக்கு அது செல்லாது. அது நிஜமாகவே அடியிலிருந்துதான் வருகிறது. முளை நுனி அவ்வளவு கூர், வீட் மேட்டையே துளைத்துவிடும். ஒரு மூலையில் ஷீட்டைத் தூக்கிப் பார்த்தேன்: வெயில் படாமல் வெளிறிய முளைகள் ஷீட்டின் அடியிலேயே ஊர்ந்து போய், ஓட்டை கிடைத்த இடத்தில் நிமிர்ந்திருந்தன. கையால் இழுத்தால் இலை மட்டும் வரும். மண்ணுக்குள் கறுத்த கிழங்குகள் மெல்லிய தண்டில் கோத்துக் கிடக்கும். அதில் ஒன்று தங்கினாலும் போதும். ஜல்லியை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழம் தோண்டிப் பொறுக்கினோம். அம்மா அதைக் கழுவிக் காயப்போட்டு நலங்கு மாவுக்கு எடுத்து வைத்துக்கொண்டார், அது தனிக் கதை. தப்பின கிழங்கு தலைகாட்டும்போதெல்லாம், இலை நீளுவதற்குள் அறுத்துவிட வேண்டும். இலையை வளரவிட்டால் அடியில் புதுக் கிழங்கு வைத்துவிடும்.

சேலம்:
கொதிக்கிற வெந்நீர் இளஞ்செடிக்கு நன்றாகவே கேட்கிறது. அருகம்புல்லில் மேல்பக்கம் மட்டும் கருகும், கணுவிலிருந்து திரும்பவும் துளிர்க்கும். உப்பு மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்லுப்பை அள்ளி இறைத்தார்கள். மழையில் கரைந்து ஓரத்துச் செம்பருத்தி வரைக்கும் போய், இலை விளிம்பெல்லாம் கருகிவிட்டது. கேட்டின் அடிக் கம்பியும் துருவேறியது.

கோவை:
உரக்கடையில் கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது. அது ஒருபக்கம் இருக்கட்டும். அந்த மருந்து பச்சை இலை வழியாகத்தான் வேருக்கு இறங்கும், முளைக்காத விதையை ஒன்றும் செய்யாது. அடுத்த மழைக்கு அடுத்த கூட்டம் தயாராக நிற்கும்.

எங்கள் பக்கத்துத் தலைவலி பார்த்தீனியம். பூ விடுவதற்கு முன்னாலேயே வேரோடு எடுத்துவிடுங்கள், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும்.

தேனி:
அக்கா, உங்கள் வீட்டில் ஜல்லி எத்தனை இஞ்ச் உயரம்? எங்களுக்கு மறுபடி கொட்ட வேண்டியிருக்கிறது.

மதுரை:
மூன்று இஞ்ச் தம்பி. கார் சக்கரம் ஓடும் இரண்டு தடத்திலும் ஒன்றும் முளைப்பதில்லை, நடுவிலும் ஓரத்திலும்தான் வேலை. கிரஷர் தூள் கலந்த லோடு மட்டும் வாங்கிவிடாதே, அந்தத் தூளிலேயே விதை ஊன்றிக்கொள்ளும். சலித்த ஜல்லியாகக் கேள். கிடைக்காவிட்டால் இறக்கின இடத்திலேயே ஹோஸ் பிடித்து அலசிவிட்டு அப்புறம் பரப்பு.