உண்ணிக்காய்ச்சல், தெள்ளு, குடற்புழு: உங்கள் நாய் பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

தாம்பரம் அல்சேஷன்

மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த நேரம். உண்ணி எப்படிப் பெருகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அல்சேஷன் பிரவுனி சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ராத்திரி ஒரு தும்மல் போட்டாள். பக்கத்துச் சுவரெல்லாம் ரத்தத் துளி. வலது மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது, அவள் அதை நக்கி நக்கி விழுங்குகிறாள். துணியில் ஐஸ் சுற்றி மூக்கின்மேல் வைத்துப் பிடித்தேன். நிற்கவே இல்லை.

காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 14,000. நல்ல நாய்க்கு 2 லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிக்கியா, அதாவது உண்ணி கடித்துப் பரவும் கிருமி என்றார்கள். காது மடல், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தேடியும் ஒரு உண்ணிகூடக் கிடைக்கவில்லை. கடித்து 1 முதல் 3 வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும், அதற்குள் உண்ணி ரத்தம் குடித்து விழுந்து போயிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ரத்த வங்கியிலிருந்து ரத்தம் கிடைத்தது. டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை 28 நாள் கொடுத்தோம். பிழைத்துக்கொண்டாள். இப்போதும் அவள் தும்மினால் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது.

ராஜபாளையம் பக்கம்

எங்களுக்கு உண்ணி இல்லை, குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு. ஒரே ஈற்றில் எட்டுக் குட்டி. நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருந்த குட்டிகள்தான் முதலில் சோர்ந்தன. பால் சேரவில்லை, கண் பட்டிருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ராஜபாளையம் நாய்க்கு மூக்கு ரோஜா நிறமாக இருக்கும், அதுதான் அந்த ஜாதிக்கே அழகு. நான் கையில் எடுத்த குட்டிக்கு மூக்கில் அந்த நிறமே இல்லை. உதட்டைத் தூக்கினால் ஈறும் வெள்ளை. அடியில் விரித்த சாக்கில் மலம் கன்னங்கறேலென்று பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது. குடலில் கசிந்த ரத்தம் செரித்துப்போய் வரும் நிறம் அது. மூன்று குட்டி போய்விட்டன. மற்றதெல்லாம் மருந்துக்குத் தேறின.

இந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு இறங்கும். மலப் பரிசோதனையில் முட்டை தெரியும் முன்பே குட்டி செத்துவிடலாம். அதனால் பிறந்த இரண்டாவது வாரமே பூச்சி மருந்தை ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை கொடுக்க வேண்டும். தாய்க்கும் சேர்த்து. எடை போட்டு, டாக்டரிடம் அளவு கேட்டு.

கோவைவாசி

தாம்பரத்துக்காரருக்கு: டாக்ஸிசைக்ளின் (டாக்ஸி) கொடுத்தோம், பிழைத்தாள் என்று முடித்துவிட்டீர்கள். இதைப் படிப்பவர்கள் உண்ணிக்காய்ச்சல் என்றாலே டாக்ஸி வாங்கிப் போட ஆரம்பித்துவிடுவார்கள். என் லாப்ரடாருக்கு வந்தது பபேசியா. மூத்திரம் காபி டிகாஷன் நிறத்தில் போனான், சிமெண்டுத் தரையில் அது காய்ந்து பழுப்பு வட்டமாக நின்றது. பபேசியா சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கிற கிருமி. டாக்ஸி மட்டும் போதாது, அதற்கு வேறு மருந்து. ஒரே உண்ணிக் கூட்டம் எர்லிக்கியா, பபேசியா இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். ரத்தத் துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை.

அல்சேஷன் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், எர்லிக்கியா அந்த ஜாதியைக் கடுமையாகத் தாக்கும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் இதில்தான் போயின.

இன்னொன்று. நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. நம் ஊர்ப் பழுப்பு உண்ணி குஞ்சாக ஒருமுறை, அடுத்த பருவத்தில் ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை என்று மூன்று தடவை நாய்மேல் ஏறி ரத்தம் குடித்து இறங்கும். மீதிக் காலமெல்லாம் சுவர் வெடிப்பிலும் கட்டில் இடுக்கிலும்தான் குடியிருக்கும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடும். வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடையுங்கள், நாய் படுக்கும் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பிடுங்கும்போது தோலோடு ஒட்டிச் சின்ன இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய்க்கு ஊற்றுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். எங்கள் தெருவில் ஒரு நாட்டுநாய் அப்படித்தான் வாயில் நுரை தள்ளிச் செத்தது.

வீட்டில் பூனையும் உண்டு

எல்லாரும் உண்ணியையே பேசுகிறீர்கள். தெள்ளை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். எங்கள் நாட்டுநாய் கறுப்பன் வாலடியைக் கடித்துக் கடித்து முடியே இல்லாமல் புண்ணாக்கிக்கொண்டான். ஒரு தெள்ளைக்கூட நான் பார்க்கவில்லை. டாக்டர் சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் வைத்தார். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பரவியது. தெள்ளின் எச்சம், அதாவது கறுப்பனின் ரத்தம். தெள்ளின் எச்சில் ஒவ்வாமை உள்ள நாய்க்கு நாலைந்து கடியே போதுமாம். அதே வாரம் அவன் படுத்திருந்த விரிப்பில் அரிசி அளவில் ஒன்று நெளிந்தது. நாடாப்புழுத் துண்டு. தெள்ளைக் கடித்து விழுங்கினால் இதுவும் கூடவே வருகிறது.

அப்புறம் கோவைவாசி சொன்ன துணி துவைப்பது, இடுக்கு அடைப்பது எல்லாம் சரி, ஆனால் தெள்ளுக்கு ஒருமுறை செய்தால் தீராது. கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருந்து, நம் காலடி அதிர்வு பட்டதும் வெளியே வரும். மூன்று மாதமாவது விடாமல் மருந்து போட வேண்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைமேல் பட்டால் உடம்பு உதறி, வலிப்பு வந்து செத்துப்போகும். பூனை உள்ள வீட்டில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காதீர்கள், அட்டையைப் படியுங்கள்.

தாம்பரம் அல்சேஷன்

கோவைவாசிக்கு: பபேசியாவும் பார்த்தோம், இல்லை என்று வந்தது. எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். நானும் மருந்துக்கடையில் போய் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தம் பற்றி யாருமே பேசவில்லையே. அன்றைக்குப் பிரவுனியைக் காப்பாற்றியது முன்பின் தெரியாத ஒருவரின் நாய் கொடுத்த ரத்தம். 25 கிலோவுக்கு மேல் எடை, தடுப்பூசி எல்லாம் போட்ட, நோயில்லாத நாய் வைத்திருப்பவர்கள் வேப்பேரியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உண்ணி சீசனில் அங்கே ரத்தத்துக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தேன்.