தேர்தல் முடியும்வரை மனதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொக்குவில் தங்கச்சி:
வணக்கம். இலங்கையில் 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், இப்போது 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். எட்டு மாதத்துக்குள் மூன்றாவது. முதல் இரண்டையும் தாங்கிவிட்டேன், அப்போது வாக்குக் கேட்டு நின்றவர்களைப் போஸ்டரில்தான் கண்டோம். இந்த முறை வட்டாரத்துக்கு வட்டாரம் ஆள். பெரியப்பாவின் மகன் ஒரு கட்சியில் கேட்கிறார், பக்கத்து வளவு அண்ணை சுயேச்சைக் குழுவில் கேட்கிறார். சின்ன வயதில் எங்களுக்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளித் தந்த மனிசன், இப்போது வேலியடியில் கண்டாலும் "என்ன பிள்ளை" என்று ஒரு சொல் இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் நடுச்சாமம்வரை சண்டை. பகலில் ஆட்டோவில் ஒலிபெருக்கி. அம்மாவுக்குப் பிரஷர் கூடிவிட்டது, எனக்கு நித்திரை இல்லை. வாக்குக் கட்டாயம் போடுவேன், அதில் மாற்றமில்லை. அதுவரை மூச்சுவிட ஒரு இடம் வேண்டும். நீங்கள் எல்லாரும் எங்கே போகிறீர்கள்?

வடமராட்சியான்:
தங்கச்சி, ஒரு ஞாயிறு மணற்காட்டுக்குப் போங்கோ. பருத்தித்துறையால் வந்து வல்லிபுரம் தாண்டினால் சரி. சவுக்கங்காட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கோ, காற்று மரத்துக்கு மேலால் போகும்போது எது கடல் இரைச்சல், எது மரத்தின் இரைச்சல் என்று பிரிக்கவே ஏலாது. மணல் மேட்டுக்குள் பாதி புதைந்து பழைய அந்தோனியார் கோயில் சுவர் நிற்கிறது, நான் அதன் நிழலில் போனை அணைத்துவிட்டு இருப்பேன். விடிய வெள்ளன போங்கோ, இல்லாவிட்டால் பின்னேரம்; சித்திரை வெயிலில் மணல் காலைச் சுட்டுவிடும். சரசாலைக் குருவிக்காடும் நல்ல இடம்தான், ஆனால் வலசைப் பறவைகள் ஐப்பசியளவில் வந்து பங்குனியோடு பெரும்பாலும் திரும்பிவிடும். அதை மாரிக்கு வைத்துக்கொள்ளுங்கோ. அப்புறம், கொண்டுபோகிற போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கோ.

புலுனி:
அண்ணை சொன்னது சரி, ஆனால் கிழமை முழுக்க வீட்டில்தானே இருக்கவேண்டும். நான் மாமரத்தடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். விடிய ஆறரைபோல புலுனிக் குருவிக் கூட்டம் வரும், ஏழெட்டு இருக்கும். ஒன்று வேலிக் கதியாலில் நின்று காவல் பார்க்கும், மற்றவை சிறகை அடித்து அடித்துக் குளிக்கும், பிறகு இன்னொன்று ஏறிக் காவல் நிற்க முதல் நின்றது இறங்கிக் குளிக்கும். போன வருடம் எலுமிச்சைக்குள் கூடு கட்டின, தாய் தகப்பன் மட்டுமில்லை, கூட்டத்தில் மற்றவையும் குஞ்சுக்குப் புழு கொண்டுவந்து ஊட்டின. சுடலைக்குயில் களவாக முட்டையிட்டுவிட்டுப் போனால் அந்தக் குஞ்சையும் இவைதான் வளர்க்கும். அரை மணித்தியாலம் அவற்றோடு இருந்துவிட்டுத்தான் நான் போனைத் தொடுவேன். அதற்குப் பிறகு எந்தச் செய்தியைப் பார்த்தாலும் கை பதறுவதில்லை.

வலிகாமம் வாத்தியார்:
பிள்ளை, எனக்கு 74 வயது. 1977 ஆடித் தேர்தலில் நான் தமிழர் விடுதலைக் கூட்டணிப் பக்கம், என் அண்ணர் இடதுசாரிப் பக்கம். இரண்டு மாதம் முகம் பார்க்கவில்லை. புரட்டாசியில் என் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷின் பழுதாகி, பாத்தி எல்லாம் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் விடியப்புறம் அண்ணர் தன்னுடைய மெஷினைக் கொண்டுவந்து என் கிணற்றில் இறக்கினார். ஒன்றும் கதைக்கவில்லை. அவர் இறைக்க நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினேன். கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வந்தபோது "வாழையடிக்கும் விடு" என்றார், அவ்வளவுதான், எல்லாம் பழையபடி. உங்கள் பக்கத்து வளவு அண்ணையிடம் தேர்தல் கதை எடுக்கவேண்டாம் பிள்ளை. இப்போது வேப்பம்பூக் காலம். அவர் வளவில் வேம்பு நின்றால், வடகத்துக்குப் பூ எடுக்கலாமோ என்று கேளுங்கோ.

கொக்குவில் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி. மணற்காடு இன்னும் போகவில்லை, தேர்தலுக்கு முதல் ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக யோசிக்கிறேன். சட்டி வைத்தேன், இரண்டு நாள் காகம்தான் வந்தது, மூன்றாம் நாள் புலுனி ஐந்து. ஐயா, நேற்று வேலியடியில் நின்று பூக் கேட்டேன். அண்ணை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார், எனக்கு நெஞ்சு திக்கென்றது. பழைய பாய் ஒன்றோடு வந்தார். மரத்தடியில் விரித்துக் கொப்பை உலுப்பினார், தலை, தோள் எல்லாம் பூ. பாயை மடித்து வேலிக்கு மேலால் தரும்போது "அம்மாவுக்குப் பிரஷர் எப்படி?" என்று கேட்டார். அம்மா உழுந்து ஊறப்போட்டிருக்கிறா. வடகம் காய்ந்ததும் முதல் பேணி அவர்கள் வீட்டுக்குத்தான்.