அண்ணனுக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

பாலக்கோட்டுத் தங்கை:
என் அண்ணனுக்கு 38 வயது. ராயக்கோட்டையிலிருந்து தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய் வருகிறார். ஆறேழு வருடமாகக் குடி. முதலில் லோடு இறக்கிவிட்டு ராத்திரி மட்டும்தான் குடிப்பார், இப்போது காலையில் எழுந்ததும் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை, கை ஆடி டீ சட்டையில் கொட்டுகிறது, அதைப் பார்த்துவிட்டு அண்ணி அடுப்படிக்குள் போய் அழுகிறார். கோயிலில் இரண்டு தடவை கயிறு கட்டினோம், 20 நாள்கூடத் தாங்கவில்லை. போன வாரம் சொந்தக்காரர் ஒருவர் ஓர் அட்டை மாத்திரை கொண்டுவந்து, பொடி பண்ணி சாம்பாரில் போடுங்கள், குடித்தால் வாந்தி வரும், அவனே விட்டுவிடுவான் என்றார். அட்டையில் டைசல்ஃபிராம் 250 என்று இருக்கிறது. அண்ணி கொடுத்துவிடலாம் என்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
தங்கச்சி, தயவுசெய்து கலக்காதீர்கள். எனக்குக் கலந்தார்கள், அதனால் சொல்கிறேன்.

ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் வழக்கம்போல ஊற்றிக்கொண்டேன், கால்மணி நேரத்தில் முகமெல்லாம் நெருப்பாக எரிந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, வாந்தி, கண் இருட்டிக்கொண்டு மண்டப வாசலிலேயே விழுந்துவிட்டேன். 108 வந்து தூக்கிப் போனது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கிறார், நான் ஒன்றுமில்லை என்கிறேன், பக்கத்தில் நின்ற என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அப்புறம்தான் உண்மையைச் சொன்னாள். பிரஷர் ரொம்ப இறங்கியிருந்தது. பிழைத்தேன், ஆனால் அதன் பிறகு மூன்று மாதம் நான் வீட்டில் கை நனைக்கவில்லை. கடையில் சாப்பிட்டேன், கூடவே குடித்தேன்.

ஒரு வருடம் கழித்து நானே சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள், ஆனால் என்னிடம் எல்லாம் விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு. காலையில் பல் விளக்கியதும் என் மனைவி உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், அவள் எதிரிலேயே விழுங்குவேன். இன்றைக்குக் குடிக்கலாமா வேண்டாமா என்ற யோசனை காலை ஆறு மணிக்கே முடிந்துபோகும். நாலு வருடம் ஆகிறது.

கிருஷ்ணகிரி மருந்துக்கடை அக்கா:
அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. சாராயம் உடம்பில் உடைந்து அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாகி, பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது வேலையைத் தடுத்துவிடுகிறது, நச்சு ரத்தத்திலேயே தேங்குகிறது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் இதைத் தொடங்கவே கூடாது. உங்கள் அண்ணன் தினமும் காலையிலேயே குடிக்கிறவர், அப்படி இருக்கும்போது சாம்பாரில் போடுவது விஷம் வைப்பது மாதிரி. இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஈரலையும் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை குடித்தால் வேலையைக் காட்டும். அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்துகளிலும்கூட ஆல்கஹால் இருக்கிறது, அதுவும் ஆகாது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய பயம் அந்தக் கை நடுக்கம். அப்படிப்பட்டவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவைத்தால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாததைப் பார்த்துப் பிதற்றலாம். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள், அந்த நேரத்தில் உயிரே போகலாம். அதனால் முதல் வாரம் ஆஸ்பத்திரியில் வைத்து, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும், அந்த நாட்களில் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

அதன் பிறகுதான் குடியை மறக்க மருந்து. டைசல்ஃபிராம் ஒன்றுதான் என்றில்லை. நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம், தினமும் ஒன்று, குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியைக் குறைத்து ஏக்கத்தைத் தணிக்கும். இதைச் சாப்பிடுகிறவர் தவறிக் குடித்துவிட்டாலும் டைசல்ஃபிராம் மாதிரி தூக்கிப் போடாது. ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இது ஆகாது, லோடு ஓட்டுகிறவர் முதுகுவலிக்கு ஏதாவது போடுகிறாரா என்று பாருங்கள். அகாம்ப்ரோசேட் 333, வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளை, ஈரல் கெட்டவருக்கும் கொடுப்பார்கள், ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எது ஒத்துவரும் என்பதை மனநல டாக்டர்தான் சொல்ல வேண்டும், என்னை மாதிரி கடையில் நிற்கிறவர்கள் இல்லை. சீட்டு இல்லாமல் வந்து கேட்கிறவர்களுக்கு நான் இதைத் தருவதே இல்லை.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன்னால் பேச வேண்டுமென்றால் அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பாலக்கோட்டுத் தங்கை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அட்டையை அண்ணியிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன். நேற்று ராத்திரி அண்ணனிடமே எடுத்துக் காட்டி, இதைக் கலக்கச் சொன்னார்கள், நாங்கள் கலக்கவில்லை என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், நடுக்கத்துக்கு நிஜமாகவே மருந்து இருக்கிறதா என்று கேட்டார். திங்கட்கிழமை லோடு வேண்டாமென்று சொல்லிவிட்டார், நானும் கூடப் போகிறேன்.

காவேரிப்பட்டணத்தான்:
கிளம்பும்போது அவராக நிறுத்திவிட்டு வெறும் வயிற்றோடு வர வேண்டாம், கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள்.