மறு: ஸ்கெட்ச் இன்டர்ஃபேஸ்: ‘ஓவிய இடைமுகம்’ சரிவராது

எல்லாருக்கும் வணக்கம்.

கையால் கோடு போட்டே கணினியில் முப்பரிமாண உருவம் செய்ய உதவும் ‘ஸ்கெட்ச் இன்டர்ஃபேஸ்’ஸுக்குத் தமிழில் என்ன சொல் என்று மார்த்தாண்டம் டீச்சர் தொடங்கிய இழை நீண்டுகொண்டே போகிறது. ஓவிய இடைமுகம், வரைவு இடைமுகம், கிறுக்கல் இடைமுகம், வரைவழி இடைமுகம் என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘இடைமுகம்’ ஊன்றிவிட்ட சொல், அதில் யாருக்கும் வழக்கில்லை. முன்பாதிதான் பிரச்சினை.

> டீச்சர் எழுதியது: கையால் படம் வரைந்தால் முப்பரிமாணப் பொம்மை வருகிறது, அது அசைகிறது. பிள்ளைகளுக்கு ‘ஓவிய இடைமுகம்’ என்றால் உடனே புரியுமே?

புரியும் டீச்சர், ஆனால் வேறு எதையோ புரிந்துகொள்வார்கள். ஓவியம் என்பது வரைந்து முடித்த பொருள். இந்த மென்பொருள்கள் பலவும் படம் முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒரு கோடு போட்டுக் கையை எடுத்த உடனே அதைக் கட்டளையாக வாசித்து வேலையை முடித்துவிடுகின்றன. 1996-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஸெலெஸ்னிக், ஹெர்ண்டன், ஹியூஸ் ஆகியோர் செய்த ‘ஸ்கெட்ச்’ மென்பொருளில், ஒரு புள்ளியில் சேரும் மூன்று கோடுகள் போட்டால் போதும், பெட்டி வந்து நிற்கும். ஒரு பெட்டியை ஒழுங்காகப் படம் வரைந்தால் ஒன்பது விளிம்பு தெரியும். மூன்று கோட்டை யாரும் பெட்டிப் படம் என்று சொல்ல மாட்டார்கள்.

1999-இல் தோக்கியோவில் தக்கேயோ இகராஷியும் மட்சுவோகாவும் தனாகாவும் செய்த ‘டெடி’ இன்னும் தெளிவான சாட்சி. வளைத்து மூடிய கோடு போட்டால் அது உடல். உடலுக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓடி, மறுபக்கம் வெளியே முடிந்தால் அது வெட்டு. உடலின் மேலேயே சிறு வளையம் போட்டு, உடலைத் திருப்பி இன்னொரு கோடு இழுத்தால் அது கை அல்லது காது. எல்லாம் கோடுதான். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதற்குப் பிறகு வருகிறது என்பதை வைத்துப் பொருள் மாறுகிறது. ஆகவே நமக்கு முதலில் வேண்டியது ‘ஸ்கெட்ச்’சுக்குச் சொல் அல்ல, ‘ஸ்ட்ரோக்’குக்கு, அதாவது கையெடுக்காமல் போடும் ஒற்றைக் கோட்டுக்குச் சொல். அது அமைந்தால் மற்றது பின்னால் வரும்.

> தக்கலை அண்ணாச்சி எழுதியது: ‘வரைவு’ வேண்டவே வேண்டாம். வரைவு அறிக்கை, வரைவுச் சட்டம் என்று அலுவலகத்தார் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் சங்கப் பாட்டில் அது கல்யாணம்.

அண்ணாச்சி கட்சிதான் நானும். ‘வரைவு இடைமுகம்’ என்றால் இன்னும் முடிவாகாத இடைமுகம் என்றுதான் படும். ‘கல்யாணம் எப்போது’ என்று தலைவனை நெருக்கி வரைவு கடாவ வந்த சங்கப்பாட்டுத் தோழி மவுஸைப் பிடித்திருப்பதாக நினைத்தால் அதைவிட வேடிக்கை.

‘கிறுக்கல்’ என்ற சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் டெடியில் கிறுக்கினால் அதற்கென்று வேறு வேலை நடக்கும். விடலாம்.

> குளச்சல் தம்பி எழுதியது: கோடு போட்டதும் உடல் பருப்பதை ‘வீக்கம்’ என்று சொல்லலாமா?

இதை நேரில் பார்த்ததால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தம்பி ஊரில் பையன்கள் சிலருக்கு ‘மான்ஸ்டர் மாஷ்’ காட்டினேன். 2020-இல் வெளிவந்தது, உலாவியிலேயே ஓடும். ஒருவன் சாளை, அதாவது மத்தி மீன் வரைந்தான். கடற்கரைப் பிள்ளை, கோடு பிசகவில்லை. வயிற்றின் லேசான வளைவு, வால் பிளவு, முதுகுத் துடுப்பு எல்லாம் சரி. பொத்தானை அமுக்கினான். திருப்பிப் பார்த்தால் சாளையைக் காணோம். “அண்ணே, பேத்தை கணக்கால்லா ஊதிக் கெடக்கு!” என்றான். பேத்தை என்பது உடலை ஊதிக்கொள்ளும் மீன்.

ஏன் அப்படி? இந்த வகை மென்பொருளுக்குத் தெரிந்தது சுற்றுக்கோடு மட்டும். டெடி அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து, நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற ஓர் அச்சைக் கண்டுபிடிக்கிறது. அச்சிலிருந்து விளிம்பு எவ்வளவு தூரமோ அதற்கேற்ற அளவு அச்சை உயர்த்தி, குறுக்குவெட்டு முட்டைவடிவம் என்று வைத்துக்கொண்டு தோலைப் போர்த்துகிறது. அகலமான இடம் பருமன், ஒடுங்கிய இடம் மெலிவு. மான்ஸ்டர் மாஷின் கணக்கு வேறு, ஆனால் அதுவும் நடுவில் பருத்து ஓரத்தில் மெலிகிறது. கரடிப் பொம்மைக்கு இந்த ஊகம் பொருந்தும். பக்கவாட்டில் தட்டையான சாளைக்குப் பொருந்தாது. தட்டை என்ற செய்தி அவன் போட்ட கோட்டில் இல்லையே.

‘வீக்கம்’ மருத்துவருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் போய்விட்டது. ‘உப்பவைத்தல்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி ஸ்ட்ரோக். தீற்றல் தூரிகைக்கு உரியது. கீறல் காயம். ‘இழுப்பு’ என்று யோசித்தேன், ‘ஒரே இழுப்பில் வரைந்தான்’ என்று சொல்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் பாட்டியின் மூச்சிரைப்பு. மயிலாடியில் ஒரு கல்பட்டறைச் சிற்பியிடம் கேட்டேன். தாளில் செய்வதை ‘வரைகது’ என்றார், கல்லில் காவியால் செய்வதைக் ‘கோடு போடுகது’ என்றார். கல்லில் போட்ட கோடு உளி பட்டதும் போய்விடும், அது வெட்டுவதற்கான குறிப்பு மட்டும். டெடியில் போடும் கோடும் அந்த இனம்தான். எனவே ‘கோடு’ நிற்கட்டும்.

நான் முன்வைப்பது: இழுகோடு.

வினைத்தொகை. இழுத்த, இழுக்கின்ற, இழுக்கும் கோடு. ஸ்ட்ரோக் வெறும் கோடு இல்லை, அதற்குத் தொடக்கமும் திசையும் வரிசையும் உண்டு. செயல் உள்ளே இருக்கிற சொல்லாக இருந்தால் நல்லது. கூடவே ஒரு லாபம்: 2007-இல் நீலன், இகராஷி, சோர்க்கின், அலெக்ஸா வெளியிட்ட ‘ஃபைபர்மெஷ்’ஷில் நாம் போட்ட கோடு அழிவதில்லை. உருவத்தின் மேலேயே கம்பிபோலக் கிடக்கும், பிறகு அதைப் பிடித்து இழுத்தால் உருவமும் கூட வரும். டெடியால் செய்ய முடியாத, நடுவில் துளையுள்ள உளுந்தவடையையும் அதில் செய்யலாம். வரைவதற்கும் பிடித்து இழுப்பதற்கும் தமிழில் ஒரே ‘இழு’ இருப்பது இங்கே கைகொடுக்கிறது.

அசைவூட்டத்துக்கும் இது ஒத்துவரும். 2004-இல் தோர்ன், பர்க், வான் டி பன்னே செய்த முறையில், ஆள் உருவத்தின் முன்னால் வில்போல ஒரு கோடு இழுத்தால் அவன் குதிக்கிறான், சுழி போட்டால் குட்டிக்கரணம் அடிக்கிறான். அந்தச் சுழியை ஓவியம் என்று எப்படிச் சொல்வது?

ஆக, இழுகோட்டு இடைமுகம், இழுகோட்டு உருவாக்கம், இழுகோட்டு அசைவூட்டம். டீச்சர், பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து

---

தக்கலையிலிருந்து:

இழுகோடு நன்று. ‘இழுக்கோடு’ என்று யாராவது எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடுகாடு, ஊறுகாய் போல இங்கும் ஒற்று மிகாது. மிகுந்தால் ‘இழுக்கோடு’, அதாவது அவமானத்தோடு என்று பொருளாகும். கலைச்சொல் பட்டியலில் இந்த எச்சரிக்கையையும் சேர்க்கவும்.

---

குளச்சலிலிருந்து:

அண்ணே, சாளைக்காரன் என் சின்னம்மை மகன்தான். இப்போது வாளைமீன் வரைந்துகொண்டிருக்கிறான், அதுவும் குழாய் மாதிரி வருகிறது என்று ஒரே புலம்பல்.

உருவத்தின் தோலாக அமையும் முக்கோணப் பின்னலான ‘மெஷ்’ஷுக்கு ‘வலை’ என்று முன்பே முடிவாயிற்று. அப்படியானால் அதன் ஒவ்வொரு முக்கோணமும் ‘கண்ணி’தானே? எங்களிடம் முழுசுக்கு வலை, ஒரு ஓட்டைக்குக் கண்ணி. கோடுகள் சேரும் இடத்தை ‘முடிச்சு’ என்று வைத்தால் மூன்றும் ஒரே குடும்பம்.

---

தக்கலையிலிருந்து:

கண்ணி சரி. முடிச்சு வேண்டாம் தம்பி. பள்ளிக் கணக்கில் முகம், முனை, விளிம்பு என்று படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு முனையை எதற்கு மாற்ற வேண்டும்?

---

குளச்சலிலிருந்து:

அப்படிப் பார்த்தால் பள்ளிக் கணக்கில் அது முகம், கண்ணி இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஏன் சலுகை?

---

மார்த்தாண்டத்திலிருந்து:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். பாடக்குறிப்பில் இழுகோடு, உப்பவைத்தல், வலை மூன்றையும் போட்டுவிட்டேன். கண்ணி, முடிச்சு இரண்டுக்கும் தனி இழை தொடங்குங்கள், இந்தத் தலைப்பில் வேண்டாம். நாகர்கோவில் சாருக்கு ஒரு கேள்வி: கை நடுங்கிப் போட்ட கோட்டை மென்பொருள் தானே நேராக்கித் தருகிறதே, அதற்கு ‘கோடு திருத்தல்’ போதுமா, வேறு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?