டிஎம்சி குறி எரிகிறது, நெரிசல் செய்தி மட்டும் வரவில்லை: வழி சொல்லுங்கள்

கார் ஆடியோ வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்கள். இடம் ஜெர்மனி, கொலோன் பக்கம் ஏ3 நெடுஞ்சாலை. பழைய ரேடியோவை எடுத்துவிட்டு நேவிகேஷன் யூனிட் மாட்டியதிலிருந்து டிஎம்சி, அதாவது எஃப்எம் ஒலிபரப்போடு சேர்ந்து வரும் போக்குவரத்துச் செய்திகளின் பட்டியல் காலி. சிம் கிடையாது, எஃப்எம் வழியாக மட்டுமே எடுக்கும்.

பாட்டு தெளிவாகக் கேட்பதை வைத்து ஆண்டெனா சரி என்று சொல்ல முடியாது. போக்குவரத்துத் தகவல் 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில், நொடிக்கு 1187.5 பிட் வேகத்தில், 8ஏ என்ற வகைத் தரவுத் தொகுப்பாக வருகிறது. ஒரே செய்தி மாறாமல் இரண்டு முறை கிடைத்தால்தான் யூனிட் ஏற்கும். சிக்னல் சற்றுத் தளர்ந்தாலும் நிலையத்தின் பெயர் வந்துவிடும், இது உதிர்ந்துவிடும்.

யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம் இரண்டையும் கழற்றியாயிற்று, நிலையமும் மாற்றியாயிற்று. பலனில்லை. சந்தேகம் இங்கேதான்: பின்கண்ணாடி ஆண்டெனாவின் ஆம்ப்ளிஃபையருக்கு 12 வோல்ட் அந்தக் கேபிளின் நடுக்கம்பி வழியாகவே போக வேண்டும். புது யூனிட்டின் ஆண்டெனா சாக்கெட்டில் மல்டிமீட்டர் 0 காட்டுகிறது.

யூனிட்டின் நீலக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஆண்டெனா கேபிளுக்குள் செலுத்தும் ஃபாண்டம் அடாப்டர் ஒன்று போதுமா, இரட்டை ஆண்டெனா என்பதால் இரண்டு பிளக்குக்கும் வேண்டுமா?

இன்னொன்று, வரைபடம் 2011-ஆம் ஆண்டினுடையது. இடக்குறியீட்டு அட்டவணை (செய்தியில் வரும் எண்ணை இடத்தின் பெயராக மாற்றும் பட்டியல்) பழையதானால் புதிய சந்திப்புகள் மட்டும்தானே விடுபடும்? மொத்தமும் காலியாக இருந்து, வரைபடம் புதுப்பித்த பின் சரியான அனுபவம் யாருக்காவது உண்டா? யூனிட்டின் சர்வீஸ் மெனுவில் 8ஏ எண்ணிக்கையைப் பார்க்கும் வழி தெரிந்தாலும் எழுதுங்கள்.