‘கொக்குவில் வீடு’ குழுமம்: 40ஆவது திருமண நாளும் ஒரு புளூ-ரே இறுவட்டும்

ரமணன் (லண்டன்): எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் இந்தக் குழுமத்தில் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். யாரும் வாய் தவறிச் சொல்லிவிட வேண்டாம். வரும் 28ஆம் திகதி அவர்களுடைய 40ஆவது திருமண நாள். பக்கத்து வீட்டு அண்ணை வெள்ளிக்கிழமை ஊருக்குப் புறப்படுகிறார். தன் பொதியில் ஒரு கிலோவுக்கு இடம் தருவதாகச் சொன்னார். அப்பா இங்கே படித்த காலத்தில் பார்த்த ‘டொக்டர் ஹூ’ என்ற பிபிசி அறிவியல் புனைகதைத் தொடரைப் புளூ-ரேயில் வாங்கி அனுப்ப நினைக்கிறேன். எதை வாங்குவது என்று நாளை இரவுக்குள் சொல்லுங்கள்.

சுகந்தி (கொக்குவில்): நல்ல யோசனைதான். ஆனால் நீ முன்னர் அனுப்பிய ஆறு டிவிடிகளும் இங்கே ஓடவில்லை. அவை இப்போது பின்வளவு மாதுளையில் தொங்கிக் கிளி விரட்டுகின்றன.

வசந்தி மாமி (மானிப்பாய்): கிளியும் அவற்றைப் பார்ப்பதில்லை.

குஞ்சையா (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்): அது இறுவட்டின் பிழையன்று. டிவிடிக்காக உலகத்தை ஆறு வலயங்களாகப் பிரித்தார்கள்; ஒரு வலயத்து இறுவட்டு இன்னொரு வலயத்துக் கருவியில் ஓடாது. பிரித்தானியா இரண்டாவதிலும் நாங்கள் ஐந்தாவதிலும் அகப்பட்டோம். புளூ-ரேயில் அதை ஏ, பி, சி என மூன்றாகக் குறைத்தார்கள். அங்கே பி, எங்களுக்குச் சி. சுகந்தி, உங்கள் வீட்டில் புளூ-ரே ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது?

சுகந்தி: ஜனகன் வந்தபோது விட்டுச்சென்ற பிளேஸ்ரேஷன் மட்டும்தான் இருக்கிறது.

குஞ்சையா: அது கனடாவில் வாங்கியது என்றால் ஏ வலயம். சிக்கல் இன்னும் ஒரு முடிச்சுக் கூடிவிட்டது. ரமணன், மூன்று எழுத்துகளும் போட்ட பெட்டியாக இருந்தால் மட்டுமே வாங்கு.

ஜனகன் (ரொறன்ரோ): யூடியூப்பில் இருக்கும்தானே. இப்போது யார் இறுவட்டு வாங்குகிறார்கள்?

குஞ்சையா: ஜனகன், இணையத்தில் இன்று இருப்பதை நாளை எடுத்துவிடுவார்கள், கையில் இருக்கும் இறுவட்டை யாரும் வந்து எடுக்கமாட்டார்கள். அது கிடக்கட்டும். பதினான்கு வருடம் வீடியோக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: புளூ-ரே என்று பெட்டியில் போட்டதற்காகப் பழைய தொடர் எல்லாம் எச்டி என்ற உயர் தெளிவுப் படம் ஆகிவிடாது. முதலில் அதை எதில் எடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும். அந்த நாளில் பிபிசி நாடகங்களின் உட்காட்சிகளைக் கலையகத்தில் வீடியோ நாடாவிலும், வெளிக்காட்சிகளை 16 மில்லிமீற்றர் பிலிமிலும் எடுத்தார்கள்; ஆள் கதவைத் திறந்து வெளியே வந்தவுடன் படத்தின் தன்மையே மாறுவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். நாடாவில் இருப்பது 625 கோடுகள், அதில் படம் தெரிவது 576. அதை எந்தக் கணினியில் போட்டுப் பெருப்பித்தாலும், பதியாத முடியும் சுருக்கமும் முகத்தில் புதிதாக முளைக்கா. பிலிம் அப்படியன்று. நெகற்றிவ் பழுதாகாமல் இருந்தால், ஐம்பது வருடம் கழித்து மீண்டும் ஸ்கான் செய்து 1080 கோடுகளுக்குக் கொண்டுவரலாம். அன்று வீட்டுத் தொலைக்காட்சியில் எவருமே காணாத நுணுக்கம்கூட அதற்குள் காத்துக்கிடக்கும்.

ஜனகன்: விளங்கியது குஞ்சையா.

குஞ்சையா: இன்னும் முடியவில்லை. 1970 சனவரியில் வந்த ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ என்ற கதைக்குப் பிபிசியில் தொழிற்பிணக்கினால் கலையகம் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி முழுவதையும் வெளியிடங்களில் பிலிமிலேயே எடுத்தார்கள். அன்று தலையிடியாக இருந்தது பின்னர் அதிர்ஷ்டமாயிற்று. 2013இல் அந்த ஒரு கதை உண்மையான எச்டி தரத்தில் புளூ-ரேயாக வந்தது. 2018 முதல் பருவம் பருவமாக வருகின்ற பெட்டிகளில் பெரும்பகுதி நாடாவிலிருந்து பெருப்பித்ததுதான். அவை மோசம் என்று சொல்லமாட்டேன். மிகவும் கவனமாகத் துப்புரவு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கிலோவுக்குள் ஒன்றைத்தான் அனுப்பலாம் என்றால் அந்த நாலு பகுதிக் கதையை அனுப்பு.

சுகந்தி: கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகள் உயிர்பெற்று, கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவுக்கு வருவது அந்தக் கதையில்தானா? அப்பா அதைச் சொன்ன நாளிலிருந்து, கஸ்தூரியார் வீதிப் புடைவைக் கடைகளைக் கடக்கும்போது நான் அம்மாவின் மறுபக்கம் மாறி நடப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

வசந்தி மாமி: அண்ணா அதை வர்ணத்தில் பார்க்கவில்லை. வீட்டுக்காரக் கிழவியின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்ததாகவும், இது முதன்முதலாக வர்ணத்தில் எடுத்ததாம் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தார். ஐயா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, படிக்கப் போனவன் படம் பார்க்கிறான் என்று இரண்டு நாள் பேசவில்லை.

குஞ்சையா: அக்கா சொல்வது சரி. பிபிசி ஒன்று 1969 நவம்பர் 15இல்தான் வர்ணத்துக்கு மாறியது.

ரமணன்: அப்படியானால் அப்பா அதை இப்போதுதான் முதன்முறையாக வர்ணத்தில் பார்ப்பார். அதையே வாங்குகிறேன்.

வசந்தி மாமி: இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருமா? வந்தால் உன் அம்மா பெட்டி பழுதென்று சொல்லுவா.

குஞ்சையா: வரத்தான் செய்யும், அந்தக் காலப் படத்தின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று. இழுத்து நிரப்பினால் எல்லோரும் குட்டையாகிவிடுவார்கள். சுகந்தி, தொலைக்காட்சியின் அமைப்பை முதலே மாற்றிவையும். பிலிமில் எடுத்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ‘ஸ்ரார் ட்ரெக்: த நெக்ஸ்ற் ஜெனரேஷன்’ தொடரைப் பிலிமில் எடுத்துவிட்டு, வெட்டி ஒட்டியதையும் விண்கலக் காட்சிகளைச் சேர்த்ததையும் வீடியோவில் செய்தார்கள். அதனால் 2012இலிருந்து புளூ-ரேக்கு வந்தபோது பழைய நெகற்றிவ்களைத் தேடியெடுத்து, 178 பகுதிகளையும் துண்டு துண்டாக மீண்டும் தொகுக்க நேர்ந்தது. முடிய 2014 ஆயிற்று. ஒரு தொடரை இரண்டாம் முறை பெறுவது போன்ற செலவு அது. இன்னொரு பக்கம் பார்த்தால், 1960களின் ‘டொக்டர் ஹூ’ நாடாக்களைப் பிபிசியே மீண்டும் பயன்படுத்துவதற்காக அழித்துவிட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பிலிம் பிரதிகளைத் தேடினார்கள். அப்படியும் பல பத்துப் பகுதிகள் கிடைக்கவில்லை.

வசந்தி மாமி: இருந்த நாடாவை அழித்து மேலே பதிந்த கதைக்கு லண்டன்வரை போகத் தேவையில்லை.

ஆசையம்மா (ரொறன்ரோ): மச்சாள், அதை இன்று எடுக்க வேண்டாம்.

ஜனகன்: மகாபாரதக் கசெற்றா?

வசந்தி மாமி: அதுதான், அண்ணாவின் திருமண வீடியோ. நாதஸ்வரம் கேட்கும், மாப்பிள்ளை தோழனோடு வருவார், மணவறை தெரியும், தாலி எடுக்கிற நேரத்தில் சகுனி பகடை உருட்டுவான்.

குஞ்சையா: அந்தக் கசெற்றின் பின்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்ரிக் தகட்டை நானே என் கையால் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் டெக் மேலே பதியாது. பிறகு பார்த்தபோது அந்த ஓட்டையை யாரோ செலோரேப்பால், மூலை மடித்து, வெகு நேர்த்தியாக மூடியிருந்தார்கள். டூர்தர்சனில் மகாபாரதம் ஞாயிறு காலையில் வந்தது. ஞாயிறு காலையில் நான் கடையில் இருந்தேன் என்பது ஊருக்கே தெரியும்.

ஆசையம்மா: அந்த வீட்டில் மூலை மடித்துச் செலோரேப் ஒட்டுகிறவர் ஒருவர்தான். பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட்டே பழகிய கை.

வசந்தி மாமி: நான் 1989இல் மன்னாரில் படிப்பித்தேன்.

ஆசையம்மா: விடுமுறைக்கு வரவில்லையா?

ரமணன்: அடியிலிருக்கும் திருமணத்தை ஏதாவது செய்து மீட்க முடியாதா குஞ்சையா?

குஞ்சையா: முடியாது. பதியும்போது டெக்கில் உள்ள அழிக்கும் தலை முன்னால் போய்த் துடைக்கும். அதன் பிறகுதான் பகடை வரும். ஆனால் ஒன்று இருக்கிறது. அன்று புகைப்படம் எடுத்தவர் நெகற்றிவ்களையும் சேர்த்துத் தந்தார். அது பிலிம். ஸ்கான் செய்தால், அல்பத்தில் மங்கிப்போன படங்களைவிடத் தெளிவாக வரும். 1995இல் எல்லோரும் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்கு நடந்தபோது அது நெஸ்பிரே பால்மா ரின்னுக்குள் இருந்தது. ரின்னைத் தூக்கியது அக்கா.

வசந்தி மாமி: ரின் இருக்கிறது, அலமாரிக்கு மேலே. உள்ளே பூஞ்சணம் பிடித்ததோ என்னவோ, திறந்து பல வருடம். என் முழங்காலோடு கதிரையில் ஏற முடியாது.

குஞ்சையா: நான் நாளைக் காலை வருகிறேன்.

வசந்தி மாமி: நீ வரவேண்டாம் தம்பி. வாசலிலேயே செலோரேப் கதையைத் தொடங்குவாய். சுகந்தி வரட்டும்.

சுகந்தி: நாளை எனக்குப் பாடசாலை. சனிக்கிழமை பார்க்கலாம். இப்போது அப்பா, தொலைபேசி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்கிறார்.

ரமணன்: விற்பவரிடம் பெட்டியின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. மூன்று எழுத்தும் இல்லாவிட்டால் என்ன செய்வது?

வசந்தி மாமி: அனுப்பு. மாதுளை இந்த முறை நன்றாகப் பூத்திருக்கிறது.