திறக்கும்போதே நின்றுவிட்ட தண்டர்பேர்ட்: என் அனுபவம்

கடந்த மாதம் ஒரு காலையில், நான் மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தும் தண்டர்பேர்ட் மென்பொருளைத் திறந்தபோது, இடப்பக்கத்தில் கோப்புறைப் பட்டியல் தெரிந்தவுடன் சாளரம் வெளிறிப்போய், தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று காட்டி அப்படியே ஹேங் ஆகிவிட்டது. டாஸ்க் மேனேஜர் வழியாக மூடிவிட்டு மூன்று முறை திறந்து பார்த்தேன். மூன்று முறையும் அதே இடத்தில்தான் நின்றது.

எனக்கு அச்சம் வந்துவிட்டது. என் கணக்கு, அஞ்சல்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில், இறக்கிய அஞ்சல்களைச் சர்வரில் விட்டுவைக்காதபடி அமைக்கப்பட்டது என்பதால், அவை என் கணினியில் மட்டுமே இருந்தன. மறைந்த என் தமிழாசிரியர் என் கட்டுரைகளை வரிவரியாகத் திருத்தி அனுப்பிய கடிதங்களும் அவற்றுள் அடக்கம்.

மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுமாறு சிலர் சொன்னார்கள். அதில் பயனில்லை என்றே கருதினேன். அஞ்சல்களும் அமைப்புகளும் ப்ரொஃபைல் கோப்புறையில் தனியாக இருப்பதால், புதிதாக நிறுவினாலும் அதே பழைய கோப்புகளைத்தான் அது திறக்கும். ஆகவே தண்டர்பேர்ட் பின்னணியிலும் ஓடவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, முதல் வேலையாக அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்தேன். அதன் பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

அடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி திறந்து, ஆட்-ஆன்கள் எனப்படும் கூடுதல் வசதிக்கான சிறு நிரல்கள் இல்லாமல் தொடங்கச் செய்தேன். அப்போதும் நின்றதால், ஆட்-ஆன் காரணம் அன்று என்று தெளிந்தது. (நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருள் இதேபோல் நின்றபோது, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சேஃப் மோடில் திறந்ததும் உடனே வந்துவிட்டது, ஓர் ஆட்-இன்னின் டிக்கை எடுத்ததோடு அங்கே வேலை முடிந்தது.)

ப்ரொஃபைலுக்குள் இருந்த இன்பாக்ஸ் கோப்பைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இன்பாக்ஸில் அறுநூறு அஞ்சல்களுக்கு மேல் இருந்திருக்காது. கோப்பின் அளவோ 3.8 ஜிபி. ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் அனைத்தையும் தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதுகிறது. நாம் ஓர் அஞ்சலை அழித்தாலும் வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலும், அழிந்தது என்ற குறி மட்டுமே விழும். அழிந்தவற்றை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் ‘காம்பேக்ட்’ வேலையைச் செய்யும்வரை அந்த எழுத்துகள் கோப்பிலேயே கிடக்கும். அவ்வாறு செய்யலாமா என்று அது கேட்டபோதெல்லாம், அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன். அருகில் இருந்த எம்எஸ்எஃப் என்ற அட்டவணைக் கோப்பும் கெட்டுப்போயிருந்ததால், ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையில் ஆன்டிவைரஸும் அதே கோப்பைச் சோதித்துக்கொண்டிருந்தது.

இணைய இணைப்பைத் துண்டித்தேன். ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து ப்ரொஃபைல் கோப்புறைக்கு விலக்குக் கொடுத்தேன். எம்எஸ்எஃப் கோப்பை மட்டும் அழித்தேன். அதைத் தண்டர்பேர்ட் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். பெயரில் பின்னொட்டு இல்லாத இன்பாக்ஸ் கோப்பைத் தவறியும் தொடக் கூடாது, ஏனெனில் அஞ்சல்கள் இருப்பது அதில்தான். பின்னர் திறந்துவிட்டு, எதையும் சொடுக்காமல் காத்திருந்தேன். இருபது நிமிடங்களுக்குப் பின் பட்டியல் வந்தது. ஆசிரியரின் கடைசிக் கடிதத்தைத் தேடினேன், இருந்தது.

அன்றே காம்பேக்ட் செய்ததில் கோப்பு 240 எம்பியாகச் சுருங்கியது. இப்போது சில நொடிகளில் திறக்கிறது. அவருடைய கடிதங்களைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, அதற்கும் ஒரு படி எடுத்து வைத்துவிட்டேன்.